வதக்குவதும் வறுப்பதும் ஒன்றா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 25 வயது. விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். மாமாவின் ஹார்டுவேர் கடையில் ஸ்டாக் கணக்கு பார்த்துக்கொண்டே மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டு மாதமாகத் தினமும் 25 ஆங்கிலச் சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடும் ஐந்து சினானிமோடும் மனப்பாடம் செய்கிறேன். 1,500 சொல் ஆகிவிட்டது. ஆனால் பத்து நாளில் பாதி மறந்துபோகிறது. அகராதி பார்த்தால், அதன் விளக்கத்துக்கே இன்னொரு முறை அகராதி பார்க்க வேண்டியிருக்கிறது. பேப்பர் படி என்கிறார்கள், ஒரு தலையங்கத்தில் 20 சொல் புரிவதில்லை. போன மாதம் ஒரு தனியார் வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் 'ஐ ஆம் அன் எக்ஸாஸ்டிவ் ஒர்க்கர்' என்று எழுதினேன். எதையும் அரைகுறையாக விடாமல் செய்வதைச் சொல்லும் 'தரோ' என்பதற்கு ஒத்த சொல்லாக அது பட்டியலில் இருந்தது. தெரிந்த அண்ணன் ஒருவர் தப்பு என்றார், ஏன் தப்பு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தமிழ் மீடியத்தில் படித்ததால்தான் எனக்கு இப்படி ஆகிறதா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. ஆங்கில வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளும் இதே தவறோடுதான் என் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். 22 வருடமாகப் பார்க்கிறேன். நீங்கள் வைத்திருக்கும் பட்டியலில் இருக்கிற ஒரு சின்னக் குறிதான் இதற்குக் காரணம். 'தரோ = எக்ஸாஸ்டிவ் = காம்ப்ரிஹென்சிவ் = மெட்டிகுலஸ்' என்று நடுவே போட்டிருக்கிறார்களே, அந்தச் சமக்குறி. மொழியில் அப்படி ஒரு சமம் கிடையாது.

இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழில் தெரியும். தமிழ் கற்றுக்கொள்ளும் ஒரு வெளிநாட்டுக்காரர் உங்களிடம் வந்து, "வறுப்பது, பொரிப்பது, வதக்குவது, தாளிப்பது, நாலுக்கும் என் அகராதியில் 'ஃப்ரை' என்றுதான் போட்டிருக்கிறது. நாலும் ஒன்றுதானே?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வேர்க்கடலையை வறுக்கிறோம், அப்பளத்தைப் பொரிக்கிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், கடுகு கறிவேப்பிலை போட்டுத் தாளிக்கிறோம். அப்பளத்தை வதக்கினேன் என்று யாராவது சொன்னால் அடுப்படிப் பக்கமே போகாத ஆளுக்கும் காது உறுத்தும். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சொல்லின் அர்த்தமும் ஏறக்குறைய சரி. ஆனால் 'வதக்கு' என்ற சொல் அப்பளத்தோடு சேராது. 'எக்ஸாஸ்டிவ் ஒர்க்கர்' என்று படித்த அந்த அண்ணனுக்கும் காது உறுத்தியது இதனால்தான்.

பிரிட்டன் மொழியியலாளர் ஜே.ஆர். ஃபெர்த் 1957-இல் எழுதியதில் ஒரு கருத்து இன்றும் எல்லா ஆங்கில ஆசிரியர்களும் எடுத்துச் சொல்வது: ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து வருகிறது என்பதை வைத்து அறியலாம். நம் ஊர் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். கனமழை, பலத்த காற்று, கடும் வெயில். மூன்றுமே 'அதிகம்' என்பதுதான், ஆனால் கன வெயில் என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. மாற்றிப் போட்டால் ஒட்டாது.

சரி, உங்கள் சொல்லுக்கே வருவோம். 'எக்ஸாஸ்ட்' என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் உள்ளே இருப்பதை வெளியே இழுத்துக் காலி செய்வது என்று பொருள். சமையலறையில் சுழலும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதைத்தான் செய்கிறது. உடம்பில் தெம்பு முழுக்க வற்றிப்போனால் 'எக்ஸாஸ்டட்'. அந்த வழியில் வந்ததுதான் 'எக்ஸாஸ்டிவ்': இனி இதில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்னும் அளவுக்குச் செய்யப்பட்ட ஒன்று. அதனால் அது தேடலோடு சேரும், பட்டியலோடு சேரும், விசாரணையோடும் ஆய்வோடும் சேரும். மனிதரோடு சேராது. மனிதரைச் சொல்ல 'தரோ' சரி. சின்னச் சின்ன விவரத்தையும் கவனிக்கும் ஆள் என்றால் 'மெட்டிகுலஸ்'. 'காம்ப்ரிஹென்சிவ்' உங்கள் பைக் இன்சூரன்ஸிலேயே இருக்கும்: தேர்ட் பார்ட்டி என்றால் நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் பாதிப்புக்கு மட்டும், காம்ப்ரிஹென்சிவ் என்றால் உங்கள் வண்டிக்கும் சேர்த்து. எல்லாப் பக்கத்தையும் அணைத்துக்கொள்வது அந்தச் சொல்லின் வேலை. இந்த நாலையும் இப்படி ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டால், பிறகு சமக்குறி போட உங்களுக்கே மனம் வராது.

ஒத்த சொற்களைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை ஒன்றுக்கொன்று எங்கே வேறுபடுகின்றன என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள். ஒத்த சொற்களைத் திரட்டிய ஆங்கில நூல்களில் மிகவும் பேர் பெற்றதை பீட்டர் மார்க் ராஜே என்ற மருத்துவர் 1852-இல் வெளியிட்டார். சொற்களை அகர வரிசையில் அடுக்காமல் கருத்து வாரியாக அடுக்கினார். சொல் தெரிந்தும் எழுதும்போது வாயில் வராமல் தவிப்பவர்களுக்காகச் செய்த நூல் அது. அதில் இருக்கும் சொற்களின் தன்மை வாசகருக்கு முன்பே தெரியும் என்று நம்பி எழுதியது. நம் பயிற்சிப் புத்தகங்கள் அந்தச் சொல்வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, தன்மையைச் சொல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகின்றன. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது.

நம்மிடமும் ஒத்த சொற்களைச் செய்யுளில் திரட்டிய நிகண்டு இருந்தது. திவாகரத்தையும் சூடாமணியையும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பித்தார்கள். மனப்பாடம் கெட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் ஒப்பித்ததோடு நிற்கவில்லை, அதே சொற்கள் நடமாடும் பாட்டுகளையும் கூடவே படித்தார்கள். உங்களுக்கு முதல் பாதி மட்டும் கிடைத்திருக்கிறது.

இனி ஒரு குடும்பத்தை முழுதாக எடுத்துப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த வேலையை நீங்களே செய்யப் பழக வேண்டும். தமிழில் 'குறைந்தது' என்பதை எத்தனை விதமாகச் சொல்கிறோம்! காய்ச்சல் விட்டது. மழை ஓய்ந்தது. வெள்ளம் வடிந்தது. பசி ஆறியது. தாகம் தணிந்தது. சந்தேகம் தெளிந்தது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியுமா? பசி வடிந்தது என்பீர்களா? ஆங்கிலத்திலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது: 'சப்சைட்', 'அபேட்', 'அலே', 'அஸ்வேஜ்', 'குவென்ச்', 'அலீவியேட்', 'மிட்டிகேட்'. உங்கள் நோட்டில் இவற்றில் பாதிக்கு 'குறைத்தல், தணித்தல்' என்று எழுதியிருப்பீர்கள்.

'சப்சைட்' வெள்ளத்துக்கு வரும், உடம்பில் வீக்கத்துக்கும் வரும். தமிழிலும் வெள்ளம் வடியும், வீக்கம் வடியும். ஆக 'சப்சைட்' நம் 'வடி'க்குச் சொந்தக்காரன். புயலும் சத்தமும் சீற்றம் அடங்கினால் 'அபேட்', நம் 'ஓய்' மாதிரி. 'அலே' பயத்தையும் சந்தேகத்தையும் தேடிப் போகும். ஏதாவது வதந்தி பரவும்போது மக்களின் அச்சத்தைப் போக்க அரசு அறிக்கை விட்டது என்ற செய்தியில் இந்தச் சொல்லைப் பார்ப்பீர்கள். 'குவென்ச்' தாகத்துக்கும் நெருப்புக்கும். 'அஸ்வேஜ்' குற்ற உணர்ச்சி, துக்கம், பசி போன்று மனதையும் வயிற்றையும் அரிக்கிறவற்றுக்கு. 'அலீவியேட்' என்பதற்குள் பாரத்தை லேசாக்குவது என்ற லத்தீன் வேர் இருக்கிறது, எனவே வலி, துன்பம், வறுமை. அரசுத் திட்டங்களின் பெயரில் 'பாவர்ட்டி அலீவியேஷன்' என்று வருமே, அதுதான். 'மிட்டிகேட்' இன்னும் நடக்காத, அல்லது நடந்துகொண்டிருக்கிற தீங்கின் கடுமையைக் குறைப்பது: ஆபத்து, சேதம், பாதிப்பு. பேரிடர் தணிப்பு என்று தமிழில் எழுதுகிற இடத்தில் ஆங்கிலத்தில் 'டிசாஸ்டர் மிட்டிகேஷன்' என்று போட்டிருக்கும். இன்னொன்று: 'மிட்டிகேட்' பின்னால் 'அகெய்ன்ஸ்ட்' வந்தால் அது பெரும்பாலும் 'மிலிட்டேட்' என்று இருக்க வேண்டிய இடம். ஒன்றுக்கு எதிராக வேலை செய்வது 'மிலிட்டேட் அகெய்ன்ஸ்ட்'. பிழை கண்டுபிடிக்கும் கேள்விக்கு இது உதவும்.

இந்த ஏழு சொல்லுக்கு ஒரு மாலை நேரம் போகும். போகட்டும். தினமும் 25 என்பதை விட்டுவிடுங்கள், ஐந்து போதும். ஆறு நாள் படித்து ஏழாம் நாள் புதிதாக ஒன்றும் படிக்காமல் பழையதை மட்டும் பாருங்கள். வாரம் 30, ஆறு மாதத்தில் 780. கையில் நிற்கும் 780 சொல் உங்களுக்குப் போதுமான பெரிய மூலதனம்.

அடுத்து அகராதி. விளக்கத்துக்கே விளக்கம் தேட வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். அது உங்கள் குறையே இல்லை, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்காகச் செய்த அகராதி உங்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கென்றே செய்தவை இருக்கின்றன. இதில் நம் துணைக்கண்டத்துக்கும் பங்கு உண்டு. அன்றைய வங்காளத்தில், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் இந்தக் கஷ்டத்தை நேரில் பார்த்தவர். 1935-இல் அவர் ஒரு அகராதி கொண்டுவந்தார். அதில் எல்லா விளக்கங்களையும் 1,490 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதினார். அந்த 1,490 தெரிந்தால் போதும், மற்ற எதையும் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் பாடம் நடத்தியபோது உருவாக்கி 1942-இல் டோக்கியோவில் வெளியான அகராதிதான் பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதி ஆயிற்று. 1978-இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள் விளக்கம் எழுதுகிறது. 1987-இல் வந்த காலின்ஸ் கோபில்ட் இன்னும் ஒரு படி மேலே போய், சொல்லை ஒரு முழு வாக்கியத்துக்குள் வைத்தே விளக்குகிறது, அதனால் அந்தச் சொல் யாரோடு சேரும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றின் மாணவர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். விளக்கத்தைவிட அதன் கீழே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களை இரண்டு தடவை படியுங்கள்.

தமிழ் அர்த்தம் எழுதலாமா என்றால், தாராளமாக. சில சொல்லுக்குத் தமிழ் ஒரே போடாகப் போட்டுவிடும். 'ரிலக்டன்ட்' என்பதற்கு 'மனமில்லாமல்', 'கேண்டிட்' என்பதற்கு 'ஒளிவுமறைவில்லாத'. இதற்கு மேல் எந்த ஆங்கில விளக்கமும் வேண்டாம். ஒரே தமிழ்ச் சொல்லை ஐந்து ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே எழுத நேர்ந்தால் மட்டும் பேனாவை நிறுத்துங்கள். 'ஃப்ரூகல்', 'த்ரிஃப்டி', 'மைசர்லி' மூன்றுக்கும் சிக்கனம் என்று எழுதிவிடாதீர்கள். த்ரிஃப்ட் என்பது நம் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது, பாராட்டுக்குரிய சேமிப்புக் குணம். ஃப்ரூகல் ஆளுக்கும் வரும், எளிய சாப்பாட்டுக்கும் வரும். மைசர்லி என்றால் கஞ்சத்தனம், திட்டு.

பேப்பர் விஷயம். நியூசிலாந்தில் சொல் கற்றலைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த பால் நேஷன் போன்றவர்களின் கணக்குப்படி, யார் உதவியும் இல்லாமல் ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ள அதில் ஏறக்குறைய 98 சதவீதச் சொல் தெரிந்திருக்க வேண்டும். அதாவது 50 சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். அந்த ஒன்றைச் சுற்றியிருக்கும் 49 சொற்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் தலையங்கம் 500 சொல் என்று வைத்துக்கொண்டால், 20 தெரியவில்லை என்பது 25-க்கு ஒன்று. ஊகிக்கத் துணை போதவில்லை. எனவே தலையங்கத்தை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். காலையில் ஒரு செய்தியைத் தமிழ் நாளிதழில் படியுங்கள், அதே செய்தியை மாலையில் ஆங்கிலத்தில் படியுங்கள். என்ன நடந்தது என்பது தெரிந்திருப்பதால் புதுச் சொல் தானாக வாயைத் திறக்கும். கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் நேற்று பார்த்த மேட்சின் செய்தியிலிருந்தே தொடங்கலாம்.

சூழலைப் பார்க்காமல் அர்த்தம் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 'சாங்ஷன்'. லோன் சாங்ஷன் ஆயிடுச்சு என்று ஊரே சொல்கிறது, அங்கே அது அனுமதி. ஒரு நாட்டின் மேல் 'சாங்ஷன்ஸ்' போட்டார்கள் என்றால் பொருளாதாரத் தடை. ஒரே சொல், நேர் எதிரான இரண்டு பொருள். சுற்றியிருக்கும் சொற்கள்தான் தீர்ப்பு சொல்லும். சொல்லைப் பிய்த்துப் பார்த்து ஊகிக்கும் முறையும் நல்லதுதான், ஆனால் அதையே முழுக்க நம்பாதீர்கள். முன்னால் 'இன்' வந்தால் எதிர்மறை என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பது, எளிதில் தீப்பற்றும் என்பதற்காக. அங்கே 'இன்' மறுக்க வரவில்லை. 'இன்வேல்யுவபிள்' என்பதும் மதிப்பற்றது அல்ல, விலைமதிப்பே சொல்ல முடியாத அளவுக்கு உயர்ந்தது.

மறதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தானே சோதித்து 1885-இல் எழுதினார்: படித்த உடனே மறதி வேகமாக வருகிறது, பிறகு மெதுவாகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது. பட்டியலில் வரும் சொல்லும் அர்த்தமில்லாத அசை போலத்தான் மூளைக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டு ஆட்களை வைத்து வாக்கியம் எழுதுங்கள். "மாமா ஸ்டாக் எண்ணுவதில் மெட்டிகுலஸ்" என்று எழுதினால் அந்தச் சொல் மாமாவின் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு அட்டைப் பெட்டியில் ஐந்து தடுப்பு செய்துகொள்ளுங்கள். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் சொன்ன முறை இது. சீட்டின் ஒரு பக்கம் வாக்கியம், சொல் இருக்க வேண்டிய இடம் காலி, பின்பக்கம் சொல். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த தடுப்புக்கு, தவறினால் முதல் தடுப்புக்கு. முதல் தடுப்பைத் தினமும், கடைசியை மாதம் ஒருமுறை பாருங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 45 கேள்வி, தலா 3 மதிப்பெண், தவறினால் 1 மதிப்பெண் போகும். நேரடியாக ஒத்த சொல் கேட்கும் கேள்விகளுக்கு உங்கள் பழைய நோட்டு கொஞ்சம் கைகொடுக்கும், அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் பத்திக்குள் கோடிட்ட இடம், வாக்கியத்தைத் திருத்துவது, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது எல்லாம் சொல் யாரோடு சேரும் என்பதைத்தான் சோதிக்கின்றன. நாலு விடையும் பட்டியல்படி சரியாகத் தெரியும் கேள்விகள் வரும். அப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 1,500-இலிருந்து வாரம் 30 சொல்லை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றிக்கொண்டே வந்தால், போட்ட உழைப்பும் வீணாகாது.

கடைசியாக, அந்த விண்ணப்பம். 'எக்ஸாஸ்டிவ்' இருக்கும் இடத்தில் 'தரோ' என்று போட்டால் பிழை தீர்ந்துவிடும். ஆனால் அந்த வரியை நான் அப்படித் திருத்த மாட்டேன். மாமா கடையில் எத்தனை மாதம் ஸ்டாக் கணக்கு பார்த்தீர்கள், எத்தனை வகைப் பொருள், வருடக் கடைசியில் இருப்பு எண்ணியபோது கணக்கு இடித்ததா இல்லையா, இவற்றை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சின்ன ஆங்கிலச் சொற்களில் இரண்டே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.